லினக்ஸ் போட்டுத் தந்தவர்

சைதாப்பேட்டையில் கணினி பழுதுபார்க்கும் அவர் ஒல்லியானவர். பேசும் முன் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைப்பார். என் கணினியில் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போடலாம் என்றார். லினக்ஸின் திரை எப்படித் தெரியவேண்டும் என்று மூன்று முகப்புகளைக் காட்டினார், எளிமையானதைத் தேர்ந்தெடுத்தேன்.

"பழைய தமிழ் ஃபான்ட்ல பதினாறு வருஷ டைரி இருக்கு. திறக்குமா?"

"பயப்படாத சார். நானே இதான் வச்சிக்கினு கீறேன்."

அவர் லினக்ஸ் போட்டுத் தந்ததும், வீட்டில் டைரியைத் திறந்தால், பக்கம் பக்கமாக அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகள். மறுநாள் காலை கடைக்குப் போனேன். அவர் விண்டோஸில், அதே பழைய எழுத்துருவில், யாருக்கோ கடிதம் அடித்துக்கொண்டிருந்தார்.

"இது என்னங்க?"

"தமிழ் வேலைக்கு இதான் சார் ஓடும். உன் டைரிய இங்க வந்து படிச்சிக்கோ. மத்தபடி லினக்ஸ் மாதிரி வராது சார்!"

அவர் முகத்தில் வெட்கமே இல்லை. என்னை ஏமாற்றியவர் லினக்ஸை மனதார நம்புகிறார். அதுதான் இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.