பச்சை பட்டனும் என் வலது கையும்

பிள்ளைகளே, இதை எழுதும்போதுகூட என் விரல்களை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

கிளியனூர் பக்கத்தில் எங்களுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற நிலம் கொஞ்சம் இருக்கிறது. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. தினமும் என்னோடு மோட்டார் கொட்டகைக்கு வருவாள். சுவரிலிருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டி அவளுக்கு எட்டாது. ஏறி நிற்க ஒரு சிமெண்டு கல்லைப் போட்டுக் கொடுத்தேன். மும்முனை கரண்ட் வந்தால் பெட்டிமேல் மூன்று பல்பு எரியும். அவற்றை எண்ணிவிட்டுப் பச்சை பட்டனை அழுத்த வேண்டும். எண்ணும் நிறமும் அவள் படித்தது அங்கேதான். நான் எட்டாவதோடு நின்றவன். பிள்ளைக்கு நானே பாடம் சொல்கிறேன் என்று திண்டிவனம் வரைக்கும் பெருமையடித்தேன்.

ஒரு நாள் கரண்ட் போன நேரத்தில் மோட்டார் பெல்ட்டு நழுவிக் கிடந்தது. பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டுத்தான் அதில் கை வைக்க வேண்டும். கரண்ட்தான் இல்லையே என்று விட்டுவிட்டேன். எங்கள் பக்கம் பலரும் அப்படித்தான். சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே வலது கை விரலை விட்டு இழுத்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் மகளின் குரல். "ஒண்ணு... ரெண்டு..."

எதை எண்ணுகிறாள்? கரண்ட் வந்து பல்பு எரிகிறது என்று அப்போதுதான் விளங்கியது. "மூணு" என்றபோது கையை உருவினேன். சக்கரம் சுற்றியது. பெல்ட்டு பறந்துபோய்ச் சுவரில் அறைந்தது.

ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். "நானே போட்டுட்டேம்ப்பா" என்று சிரித்தாள். கை ஓங்கிவிட்டேன். சத்தம் கேட்டு வாய்க்காலிலிருந்து ஓடிவந்த என் மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவள எதுக்கு அடிக்கிறீங்க? தெனம் நீங்கதான சொல்லிக் குடுத்துக்கினு இருந்தீங்க?"

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததை வரிசை மாறாமல் செய்திருக்கிறாள். பியூஸ் கட்டையை நான் பிடுங்கி அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

சிமெண்டு கல்லை அன்றே வெளியே போட்டேன். மறுநாள் மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி அவள் மடியில் வைத்தேன். இவை அவளிடம் இருக்கும்வரை மோட்டார் ஓடாது, என் கை சக்கரத்தில் சிக்காது, நான் வேலையை முடித்துவிட்டுக் கேட்டால்தான் தர வேண்டும் என்றேன். பெல்ட்டை மாட்டிவிட்டு வந்து வலது கையை நீட்டினேன்.

தரவில்லை.

"இன்னொரு கையையும் காட்டுப்பா" என்றாள்.

காட்டினேன்.