வயலில் விழுந்த பிளேனும் அம்மாவின் அழுகையும்

எங்கள் வயலில் பிளேன் விழுந்தபோது நானும் அம்மாவும் மலசலகூடக் குழிக்குள் கிடந்தோம். நல்லவேளை, புதுக்குழி. ஊருக்குத் திரும்பி வந்த இரண்டாம் வருசம், வீட்டுத்திட்டத்தில் தருவதாகச் சொன்ன சீமெந்தை நம்பி அப்பா முதல் நாள்தான் அதை வெட்டி முடித்திருந்தார். சண்டை முடிந்துவிட்டது, பங்கர்களை மூடுங்கள் என்றார்கள், மூடிவிட்டோம். ஆனால் ஒவ்வொரு காலையும் ஒரு சின்னப் பயிற்சி விமானம் கனகராயன்குளத்துப் பக்கமிருந்து வந்து எங்கள் கூரைக்கு மேல் வட்டமடிக்கும். இந்த நாட்டில் வேறு வானமே இல்லையா? கிபிர் விமானத்தின் குண்டுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த சனத்தின் தலைக்கு மேலேதானா பறந்து பழக வேண்டும்? கேட்பதற்கு ஆளில்லை.

அன்று பிளேன் சத்தம் வழமையைவிடத் தாழப் பதிந்து வந்தது. அம்மா குசினியிலிருந்து பாய்ந்து வந்து, என் தலைமயிரைப் பிடித்திழுத்துக் குழிக்குள் தள்ளி, எனக்கு மேல் குப்புற விழுந்தார்.

“சண்டை முடிஞ்சுதப்பா, வெளியில வா!” என்று அப்பா மேலே நின்று கத்தினார்.

“உங்களுக்கு முடிஞ்சிருக்கும். பிளேனுக்கு ஆர் சொன்னது?” என்று அம்மா குழிக்குள்ளிருந்தே திருப்பிக் கத்தினார். அவர் வாய் மூடவில்லை, நிலம் அதிர்ந்தது.

பின்வயலில், அறுக்க ஒரு கிழமையே இருந்த நெல்லுக்குள் அது எரிந்துகொண்டு கிடந்தது. ஓட்டப் பழகிய பெடியன் அதற்குள்ளேயே செத்துப்போனான். அரை மணித்தியாலத்தில் ஆமி வந்து நின்றது. எங்களுக்கு ஏதும் காயமா என்று ஒரு நாயும் கேட்கவில்லை. வயலைச் சுற்றி நாடா கட்டி, விசாரணை முடியும்வரை கால் வைக்கக்கூடாது என்றார்கள். விசாரணை முடிந்தபோது நெல் முழுக்க நிலத்தில் கொட்டியிருந்தது. அதற்குப் பதிலாக எங்களுக்கு ஒரு கல் கிடைத்தது. வரம்போரத்தில் வெள்ளை பூசிய நினைவுக்கல். அந்தப் பெடியனின் பெயர் சிங்களத்திலும் இங்கிலீசிலும் வெட்டியிருந்தது.

அந்தக் கல்லைக் கண்டால் எனக்குப் பற்றி எரியும். அண்ணாவுக்குக் கல் இல்லை. பதினான்கு வயதில், பங்கர் வாசலுக்கு நாலடி இருக்கும்போது கிபிர் குண்டில் போனவன். பெயர் தெரியாத ஊரில், ஒரு பனைக்குக் கீழே அப்பா கையால் மண்ணைப் பறித்து மூடினார். செல் குண்டுகள் விழுந்துகொண்டே இருந்ததால் அம்மா ஒரு தரம் வாய்விட்டு அழவும் நேரம் இருக்கவில்லை. ஊருக்கு வந்தபின், அண்ணாவுக்குச் செத்தவீடு நடக்காத குறையைத் தீர்க்கவென்று அயல் பெண்கள் ஒருநாள் எங்கள் முற்றத்தில் கூடி, அம்மாவைக் கட்டிப்பிடித்துக் குரலெடுத்தார்கள். ஐந்து நிமிசம் ஆகவில்லை, வாசல் படலையில் இரண்டு ஆமிக்காரர். என்ன கூட்டம், யார் செத்தது, இயக்கத்தில் இருந்தவனா என்று கேள்விக்கு மேல் கேள்வி. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கலைந்து போனார்கள். அதற்குப் பிறகு அம்மா அழவேயில்லை. “நெஞ்சுக்குள்ள அடைச்சுக்கொண்டு கிடக்கப்பா, சோறு இறங்குதில்லை” என்று அப்பாவிடம் மட்டும் சொல்வார்.

பிளேன் விழுந்து ஒரு வருசம் திரும்பியது. ஆமிக்காரர் அந்தக் கல்லடியில் பந்தல் போட்டார்கள். கதிரைகள் வந்தன, சோடாப் பெட்டிகள் வந்தன. செத்த பெடியனின் தாயைத் தெற்கிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். அந்த மனுசி வெள்ளைச் சீலையோடு கல்லைக் கட்டிப்பிடித்து விம்மினார். வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று கொண்டையை அவிழ்த்துவிட்டு ஓடினார். ஓடிப்போய் அந்தத் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்.

“என்ர ராசா, ஒரு வாய் தண்ணி தராமல் அனுப்பிப்போட்டனே! வாசல் மட்டும் வந்த பிள்ளையை எட்டிப் பிடிக்கேலாமப் போச்சே!”

வயல்வெளி முழுக்கக் கேட்டது. கல்லடியில் நின்ற ஒருவருக்கும் ஒப்பாரி விளங்கும் அளவுக்குத் தமிழ் தெரியாது. ஆமிக்காரர் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் பெரியவன் ஒருவன் அம்மாவைக் கதிரையில் இருத்தி, சோடா உடைத்துக் கொடுத்தான். “அம்மா நல்ல மனசு” என்றான், தனக்குத் தெரிந்த தமிழில்.

எனக்கு வந்த ஆத்திரம்! அம்மா வீட்டுக்கு வந்ததும் பாய்ந்தேன்.

“வெக்கமில்லையோ உங்களுக்கு? அண்ணாவைக் கொன்றவங்கட ஆளுக்குப் போய் அழுறீங்கள்!”

அம்மா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். “ஆர் அவனுக்கு அழுதது?” என்றார்.

அன்று மத்தியானம் அம்மா இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை. பச்சைப் பொய் சொல்கிறார் என்று நினைத்து மூன்று நாள் அவரோடு கதைக்காமல் இருந்தேன்.

எங்கள் ஊர்ச் செத்தவீட்டில் பெண்கள் அங்கே கிடத்தியிருப்பவருக்கு மட்டுமா அழுகிறார்கள்? தங்கள் தங்கள் வீட்டுச் சாவை எல்லாம் அங்கே கொண்டுபோய் அழுது தீர்த்துவிட்டுத்தான் வருவார்கள். பத்து வயதில் எனக்கு அது தெரியாது. அம்மாவுக்கு ஒருவரும் கேள்வி கேட்காமல் குரலெடுத்து அழக் கிடைத்த ஒரே இடம் அந்தக் கல்லடிதான். பெற்ற பிள்ளைக்கு அழுவதற்கு ஒரு தாய் வேறொருத்தியின் பிள்ளையின் சாவை இரவல் வாங்க வேண்டியிருந்தது. அப்படி வைத்திருந்தவர்கள் நாசமாய்ப் போக.

அடுத்த வருசம் அதே நாள் அம்மா வெள்ளென எழும்பித் தலைக்குக் குளித்துவிட்டுப் படலையில் போய் நின்றார். வெயில் ஏறியது, ஒரு வாகனமும் வரவில்லை. மத்தியானம் சைக்கிளில் போன ஆமிக்காரனை மறித்து, “இந்த முறை ஒருத்தரும் வரமாட்டினமோ?” என்று கேட்டார். இனி எல்லாம் முகாமுக்குள்தான், கல்லையும் அங்கே கொண்டுபோகப் போகிறார்கள் என்று அவன் சொல்லிவிட்டுப் போனான். அம்மா அப்படியே மண்ணில் குந்திவிட்டார்.

அப்போதும் ஒன்றும் விளங்காத நான் கிணற்றடியில் நின்று பார்த்தேன். “நல்லா வேணும்” என்று சொல்லி, அவருக்குக் கேட்கட்டும் என்றே கைதட்டிச் சிரித்தேன்.