நாணய வரலாறு எழுதிய சாலிஹ் மாஸ்டர்

சாலிஹ் மாஸ்டர் மௌத்தாகிவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தபோது ஜனாஸா அடக்கி இரண்டு நாளாகியிருந்தது. சண்டையால் பாதை மூடிக் கிடந்தது. அது திறந்ததும் கல்முனையிலிருந்து எங்கள் காரைதீவுக்கு வந்த முதல் பஸ்ஸில் இறங்கிய மீன் வியாபாரி ஒருவர்தான் சொன்னார்.

கல்முனையில் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். அவர் சரித்திரம், நான் தமிழ். இலங்கை நாணயங்களின் வரலாற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். கொக்கிபோல் வளைந்த வெள்ளிக் கம்பி ஒருகாலத்தில் இங்கே காசாகப் புழங்கியதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். "ராசாட ஆட்சி போனாலும் அவன்ட சல்லி கொஞ்சக் காலம் சந்தையில நடமாடும்" என்பார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்தபின் அவர் வீட்டுக்குப் போய் மொழி திருத்திக் கொடுப்பேன்.

எண்பதுகளின் நடுவில் அப்படிப் போன ஒரு நாள், தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் கலவரம் மூண்டுவிட்டது. காரைதீவுக்குத் திரும்ப வழியில்லை. நாலு நாள் அவருடைய உள்ளறையில், யன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தேன். ஊரில் என் மனைவியும் பிள்ளைகளும் என்ன ஆனார்கள் என்று தெரியாது. அவரோ ஒல்லாந்தர் கால அத்தியாயத்தைச் சொல்லச் சொல்ல எழுதும்படி கேட்டார்.

"இந்த நேரத்திலயும் உங்களுக்கு நாணயமா, மாஸ்டர்?" என்று கத்திவிட்டேன்.

"சும்மா இருந்தா வெளியில கேக்கிற சத்தத்தத்தானே கேட்டுக்கிட்டு இரிக்கணும். எழுதுங்க."

எழுதினேன். மூன்றாம் நாள் வாசல் படலையில் அவருடைய ஊர் ஆட்கள் வந்து நின்றார்கள். "உள்ளுக்கு ஆரு?" சாலிஹ் மாஸ்டர் வெளியே போனார். "என்ட விருந்தாளி. கதைக்கிற எண்டா என்னோட கதைங்க." அவர்கள் போனதும் உள்ளே வந்து, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.

நாலாம் நாள் காலை, கடற்கரையால் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். காரைதீவு எல்லையில் எங்கள் ஊர்ப் பொடியன்கள் மறித்தார்கள். அவரைக் காட்டி, "இவர் ஆர்?" என்று கேட்டார்கள். "வழியில கூட வந்தவர்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தலையசைத்தார், திரும்பித் தனியே நடந்தார். கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு அடிகூட அவரோடு போகவில்லை.

பிறகு நான் ஊர்ப் பாடசாலைக்கே இடமாற்றம் வாங்கிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து அவருடைய கடிதம் வந்தது. அந்த நாளைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. "ஒல்லாந்தர் அத்தியாயத்தில் ஒரு பிழை இருக்கிறது. வந்து திருத்தித் தாருங்கள். வெள்ளிக்கிழமை வீட்டில்தான் இருப்பேன்."

பாதை எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் திறந்திருந்தது. வெட்கம் என்னைப் போகவிடவில்லை. அவரை அறிந்தவர்களே, அவருடையதென்று என்னிடம் இருப்பது அந்த அழைப்பு மட்டும்தான்.