வேக்சினுக்குள் இருந்த பசு

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் மலாக்காவின் காஜா பெராங் கிளினிக்கில் நான் டிரஸர். அம்மை குத்துகிற நர்ஸ் தேவி, தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்கா செட்டி வீட்டுப் பெண். தமிழே வராது. ஆனாலும் நம் பெண்கள் அவளைத்தான் கொண்டாடினார்கள். புண்ணுக்கு மருந்து போடும் என்னை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வயிறு எரிந்தது.

ஒருநாள் அவள் முன்னால் நின்ற வரிசையிடம் போனேன். பரீட்சைக்குப் படித்தது கைகொடுத்தது.

"மலாய்க்காரங்க சாச்சார்ங்கிறாங்க, நாம அம்மைங்கிறோம். அதுக்குக் குத்துற மருந்த வெள்ளக்காரன் வேக்சின்ங்கிறான். அது லத்தீன்ல பசுவக் குறிக்கிற வார்த்தையிலேருந்து வந்தது. மொதல்ல பசுவோட கொப்புளத்துத் தண்ணியத்தான் குத்தினாங்க, தெரியுமா?"

அருவருத்துக் கலைந்துவிடுவார்கள் என்று காத்திருந்தேன்.

"கோமாதா குடுத்ததா?" என்றாள் ஒரு தாய். "அப்போ மாரியாத்தா கோவிச்சுக்க மாட்டா. என் தங்கச்சியையும் கூட்டியாறேன்."

மறுநாள், ஆத்தாளுக்குப் பயந்து அதுவரை வராதவர்களும் பிள்ளைகளோடு வந்தார்கள். வரிசை சாலைவரை நீண்டது.

"தெரிமா காசே, அண்ணே" என்று மலாயில் நன்றி சொல்லி தேவி எனக்குப் பலகாரம் கொண்டுவந்தாள். தொடாமல் அப்படியே மேஜையில் வைத்தேன்.

அவர்கள் கலைந்து போயிருந்தால்? அந்தப் பிள்ளைகளை நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை.