டோக்கன் தொலைத்தவர்

ரயில் நிலையத்தில் பயணிகள் பெட்டிகளை ஒப்படைத்து, டோக்கன் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றப் போகும் அறை ஒன்று உண்டு. அதன் ஜன்னலுக்குப் பின்னால்தான் அவருடைய வேலைக்காலம் முழுக்கக் கழிந்தது. பெயரைச் சொன்னால் அங்கே ஒருவருக்கும் தெரியாது. டோக்கன்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். கறார் பேர்வழி. டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்தவர் தலைகீழாக நின்றாலும் பெட்டியைத் தரமாட்டார். "உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க" என்பார். மேலாக இருக்கும் சட்டையைச் சொன்னால் விடமாட்டார். "சரி, அடியில?" என்பார். அடியில் இருப்பதையும் சொன்னவருக்குத்தான் பெட்டி கிடைக்கும்.

ஒரு காலத்தில் மொடாக்குடியர். கல்யாணத்துக்குப் பிறகு எப்படியோ சபைக்குப் போனார், குடியை விட்டார். உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுள் தம்முடையவர்களைத் தெரிந்துகொண்டார் என்று போதகர் பிரசங்கித்த அன்று, மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"பெட்டியா சொந்தக்காரனைத் தேடிப் போகுது? சொந்தக்காரன்தானே பெட்டியைத் தேடி வர்றான்! நான் அவரைப் பிடிக்கலடி, அவர்தான் என்னைப் பிடிச்சார்" என்றார் மனைவியிடம்.

அவள் லேசில் மயங்குகிறவள் இல்லை. "யாருமே தேடி வராத பெட்டியெல்லாம் பின்னாடி அலமாரியில தூசி படிஞ்சு கிடக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. சோத்தைப் போடு."

இப்போது அந்த மனிதருக்குச் சோறு சாப்பிட்டதே நினைவில்லை. முதலில் சாவி மறந்தது, பிறகு தெரு மறந்தது, பிறகு மனைவி. இதையெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஒரு காலையில் ஜெபம் பண்ணலாம் வாங்க என்று கூப்பிட்டபோது, "யார்கிட்ட?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் அவள் பயந்தாள். கடவுளையே மறந்துபோனவர் கடவுளிடம் போய்ச் சேருவாரா? இந்த ஒரு கேள்வி அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம். திருவிருந்து அன்று அப்பம் கொடுக்கும் முன், சபைப் பெரியவரான மூப்பர் ஒவ்வொருவரிடமும் "நீங்க யாருக்குச் சொந்தம்?" என்று கேட்பார். "கர்த்தருக்குச் சொந்தம்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அப்பம். இதைக் கொண்டுவந்த புண்ணியவான் வேறு யாருமில்லை, மூப்பராக இருந்த காலத்தில் நம் டோக்கன்காரரேதான். வாயைத் திறந்து சொல்லாதவருக்கு எப்படிக் கொடுப்பது என்று ஒற்றைக்காலில் நின்று சாதித்தார்.

அடுத்த திருவிருந்துக்கு முந்தின வாரம் முழுக்க அவள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். "கர்த்தருக்குச் சொந்தம். சொல்லுங்க, பார்ப்போம்." சமயத்தில் சொன்னார். சமயத்தில் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தட்டோடு வந்த புது மூப்பர், அவரிடமே பழகி வளர்ந்தவர். "அண்ணே, நீங்க யாருக்குச் சொந்தம்?"

அவர் திருதிருவென்று விழித்தார். சட்டைப்பையைத் தடவினார். பிறகு கால்சட்டைப்பையைத் தடவினார். "தொலைஞ்சிடுச்சுங்க" என்றார். "டோக்கன் தொலைஞ்சிடுச்சு."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூப்பர் மறுபடியும் கேட்டார். அவர் இன்னும் பையைத் துழாவிக்கொண்டிருந்தார். "மன்னிச்சிடுங்கக்கா, அண்ணன் போட்ட சட்டம்" என்று அவளிடம் முணுமுணுத்துவிட்டு மூப்பர் தட்டை நகர்த்தினார். அவளுடைய முறை வந்தது. கேள்விக்குப் பதில் சொன்னாள், அப்பத்தை வாங்கினாள்.

மத்தியானம் போதகர் வீடு தேடி வந்தார். நல்ல மனிதர், என்ன பிரயோஜனம்?

"அவர் கடவுளை மறக்கலாம்மா, கடவுள் அவரை மறக்கமாட்டார். அவரோட ஞாபகசக்தியைப் பார்த்தா தெரிஞ்செடுத்தார்?"

"தெரிஞ்செடுத்தார்னு உங்களுக்குத் தெரியுமாய்யா?"

"அவர் வாழ்ந்த வாழ்க்கையே சொல்லுதேம்மா."

"அந்த வாழ்க்கைதான் அவர்கிட்ட இல்லையே. அலமாரியில கிடக்கற பெட்டிக்கு என்னய்யா வழி?"

போதகருக்கு அலமாரிக் கதை தெரியாது. தெரிந்திருந்தாலும் கையைத்தான் விரித்திருப்பார். அடுத்த திருவிருந்துக்குள் மூப்பரிடம் பேசுவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். அதுவரை மனுஷன் தாங்கணுமே என்று அவள் நினைத்தாள்.

உள்ளே கணவர் சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும், "வாங்கம்மா. டோக்கன் குடுங்க" என்றார்.

எதிர் நாற்காலியில் அவள் தொப்பென்று உட்கார்ந்தாள். "டோக்கன் இல்லீங்க."

"உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க."

அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு சொல்ல ஆரம்பித்தாள். "இடது முட்டியில ஒரு தழும்பு. குடிச்சிட்டு சைக்கிள்ல இருந்து விழுந்தது. வாய் ஓயாத பேச்சு. பல்லியைக் கண்டா பயம், வெளிய சொல்லமாட்டார்."

"அடியில?"

"குழந்தை பிறந்து செத்துப்போனப்ப, எனக்குக் கேக்கக்கூடாதுன்னு குளியலறையில குழாயைத் திறந்துவிட்டு அழுதார். எனக்குக் கேட்டுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது."

அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எழுந்து போய் சமையலறையை எட்டிப் பார்த்தார், கதவுக்குப் பின்னால் பார்த்தார், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

"எல்லாம் சரியாத்தான் சொல்றீங்க. ஆனா அப்படி ஒரு பெட்டி இங்க இல்லையேம்மா."

அவளுக்கு அழுகை முட்டியது. அடக்கவில்லை, அழுதாள்.

"பரவாயில்லீங்க" என்றாள். "நான் இருக்கேன்."

"நேரமாச்சும்மா. பூட்டணும்."

"பூட்டிக்கோங்க. நான் இங்கயேதான் இருப்பேன்."