வலது கப்புக்குள் இருந்த ரெசிஸ்டர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பது இந்த வயதிலும் எனக்குப் பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நம் மெக்கானிக் சங்கத்து மலருக்கு ஹெட்போன் வேலையைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். மேடையில் பேசச் சொன்னால் நான் ஊரை விட்டே ஓடிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். எழுதியதை என் மகள் சிவப்புப் பேனாவால் திருத்தினாள். இப்போது தாளில் நீலத்தைவிடச் சிவப்புதான் அதிகம்.

1. பேசாதவனுக்கு ஏற்ற தொழில்

நான் தொழில் தொடங்கியது மைக் செட்டில். கோயில் கொடைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டப் போவோம். மரத்தில் ஏறுவேன், வயர் இழுப்பேன், ஆம்ப்ளிபயர் தூக்குவேன். ஆனால் மைக்கைக் கையில் கொடுத்து, "டெஸ்டிங் சொல்லுலே" என்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலாளி என்னைப் பந்தலுக்குப் பின்னால் சால்டரிங் அயனோடு உட்காரவைத்துவிட்டார். அதுவே எனக்குப் பிழைப்பாகிவிட்டது.

பிறகு விருதுநகர் பஜார் பக்கம் ஒரு சந்தில் சொந்தக் கடை. ரேடியோ, டேப் டெக், ஆம்ப்ளிபயர் என்று போய், கடைசியில் பழைய வெளிநாட்டு ஹெட்போன்களில் வந்து நின்றேன். இன்று சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் கூரியரில் வருகின்றன. கூச்சப்படுகிறவனுக்கு இதைவிட நல்ல தொழில் இல்லை. வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் காதில் மாட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். அவரும் பேசமாட்டார், நானும் பேச வேண்டாம்.

புதிதாக வருகிற தம்பிகளுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட ஹெட்போனில் முதலில் சாவது பஞ்சு. காது பேடுக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் உளுத்துப் பிசுபிசுப்பாகி, டிரைவர் என்கிற குட்டி ஸ்பீக்கர் மேல் உதிரும். அதை ஊதக் கூடாது. ஈர மை போன்ற அந்தத் தூள், அதிர்ந்து சத்தம் தரும் சவ்வான டயாப்ரத்தில் ஒட்டிக்கொண்டால் பிறகு எடுக்க முடியாது. கப்பைக் கவிழ்த்துப் பிடித்து மெல்லிய தூரிகையால் கீழ்ப்பக்கமாகத் தட்ட வேண்டும். டிரைவர் அருகே இரும்பு ஸ்க்ரூடிரைவர் கொண்டுபோகாதீர்கள். உள்ளே இருக்கும் காந்தம் அதைக் கையிலிருந்து பிடுங்கும். வெங்காயச் சருகைவிட மெல்லிய டயாப்ரத்தில் ஓட்டை விழுந்துவிடும். நான் அப்படி ஒன்றைப் பாழாக்கி, மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன்.

பின்பக்கத்தில் சத்தத்தை அடக்க ஒரு வட்டக் காகிதம் ஒட்டியிருப்பார்கள். அது கிழிந்திருந்தால் சிவகாசி அச்சகங்களில் கழிவாகப் போகும் காகிதங்களில் தேடுவேன். வாயருகே வைத்து ஊதினால் எவ்வளவு காற்று விடுகிறது என்று உதடே சொல்லிவிடும்.

2. அண்ணாச்சி வந்த நாள்

ரத்தினவேல் அண்ணாச்சி ஆனைக்குட்டம் பக்கத்துக்காரர். ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஒவ்வொரு லோடு வெளியே போகும் முன்னும் அதிலிருந்து சாம்பிள் எடுத்துப் பொட்டலில் வெடித்துப் பார்ப்பார்கள். வெடியின் சத்தம் சரியா, சுருதி இறங்கியிருக்கிறதா என்று காதால் கேட்டுச் சொல்வது அண்ணாச்சி வேலை. மீட்டர் எல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் அவர் தலையாட்டினால்தான் லாரி நகரும் என்பார்கள்.

அவருடைய முதலாளி ஜெர்மனியில் வாங்கிவந்து பல வருடம் கேட்ட ஹெட்போனை, புதியது வந்ததும் இவருக்குக் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு ஆம்ப்ளிபயர். அதில் ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும் பாலன்ஸ் குமிழ் கிடையாது. ஒரே ஒரு வால்யூம் மட்டும்.

துணிப்பையிலிருந்து குழந்தையை எடுப்பது போல எடுத்து என் மேஜையில் வைத்தார்.

"தம்பி, பாட்டு கேட்டு எந்திரிச்சா காதெல்லாம் கரி. எம்பொண்டாட்டி, 'கம்பெனி மருந்தக் கழுவாம வந்துட்டீகளா'ங்கா. இதச் சரி பண்ணிக் குடுலே."

"பஞ்சு உளுத்துருச்சு அண்ணாச்சி. வயரும் மாத்தணும். பத்து நாள் ஆகும்."

"பத்து நாளா? நாயனம் கேக்காம எனக்குச் சோறு எறங்காதே!"

பேடு இரண்டும் பிய்ந்து தொங்கின. இடது பேடில் மட்டும் விரல் நீளத்துக்குச் சிவப்பு நூல் தைத்திருந்தது. 'எல்' எழுத்து தேய்ந்துவிட்டதால் அடையாளத்துக்கு யாரோ தைத்தது என்று நினைத்தேன். பழைய பேடோடு அதுவும் குப்பைக்குப் போனது.

மின்தடை பார்க்க மீட்டர் வைத்தபோது இடது பக்கம் அறுநூறு ஓம். வலது பக்கம் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. திறந்து பார்த்தேன். வலது கப்புக்குள், டிரைவருக்குப் போகும் கம்பியில், துணி டேப் சுற்றிய ஒரு ரெசிஸ்டர். அந்தப் பக்கத்துச் சத்தத்தைக் குறைக்கிற சாமான். சுத்தமான சால்டர்தான். ஆனால் கம்பெனி வேலை இல்லை. எவனோ கைவைத்திருக்கிறான், நல்ல பொருளைக் கெடுத்திருக்கிறான் என்று எனக்குக் கோபமே வந்தது. அதைக் கழற்றினேன். புது வயர், புது பேடு, புது வட்டக் காகிதம். என் காதில் மாட்டிக் கேட்டபோது இரண்டு பக்கமும் தராசு முள் போல நின்றன. அன்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

உளுத்த பஞ்சும் பேடும் போக, கழற்றிய மற்ற பாகங்களைச் சின்னக் கவரில் போட்டு வாடிக்கையாளரிடமே கொடுப்பது என் வழக்கம். ரெசிஸ்டரையும் கவரில் போட்டு வைத்தேன்.

3. திருப்பி மாட்டிப் பாருங்க

வாங்கிக்கொள்ள அண்ணாச்சி மனைவியோடு வந்தார். சொர்ணம் அக்காவை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். பெஞ்சில் அண்ணாச்சி ஓரமாக உட்கார்ந்தார். அக்கா அவரைச் சுற்றிப் போய் வலது பக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். இடது பக்கம் பெஞ்சு காலியாகக் கிடந்தது.

அண்ணாச்சி தன் கேசட்டையே கொண்டுவந்திருந்தார். நாதஸ்வரக் கச்சேரி. அந்தப் பதிவில் நாதஸ்வரம் இடது பக்கம், தவில் வலது பக்கம். மாட்டினார். கண்ணை மூடினார். நான் அந்த முகத்தைப் பார்க்கக் காத்திருந்தேன்.

முகம் சுருங்கியது.

"ஏலே, தவில்தான் காதக் கிழிக்கு. நாயனத்தக் காணோமே?"

"நல்லாக் கேளுங்க அண்ணாச்சி."

"கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்! இடது பக்கம் செத்துப் போச்சு. நல்லா இருந்தத நாசமாக்கிட்டியே."

இந்த இடத்தில் எந்த மெக்கானிக்கும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "திருப்பி மாட்டிப் பாருங்க." இடதை வலதாக மாட்டும்போது குறையும் பக்கம் மாறினால் கோளாறு ஹெட்போனில். மாறாமல் அதே காதில் நின்றால், கோளாறு காதில். நமக்கு இது முதல் பாடம்.

அண்ணாச்சி ஹெட்போனைக் கழற்றித் திருப்பினார். அப்போது அக்காவைப் பார்த்தேன். அவர் கை மேஜைமேல் இருந்த கவரை மூடியிருந்தது. உள்ளே ரெசிஸ்டர். என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

முழுதாகப் புரியவில்லை. ஆனால் அது கோளாறு இல்லை, யாரோ வேண்டுமென்று வைத்தது என்பது புரிந்தது. என் வாழ்க்கையில் நான் யார் கையிலிருந்தும் எதையும் பிடுங்கியதில்லை. அன்று அண்ணாச்சி காதுக்குக் கொண்டுபோன ஹெட்போனைப் பிடுங்கினேன்.

"என் தப்பு அண்ணாச்சி. இடது பக்கம் சால்டர் ஒட்டல. இப்பத்தான் ஞாபகம் வருது."

"சால்டர் ஒட்டலையா? பத்து நாளா என்னலே பண்ணுன? அடைகாத்தியா?"

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் சிரித்தார்கள். என் வேலையை யாராவது குறை சொன்னால் எனக்குக் காது சிவந்துவிடும். அன்று குனிந்துகொண்டு கேட்டேன்.

"அரை மணி நேரம் குடுங்க. டீ குடிச்சிட்டு வாங்க" என்றேன்.

"நீங்க போயிட்டு வாங்க. எனக்குக் கால் வலிக்கு" என்றார் அக்கா. அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே போனார்.

4. அக்கா சொன்னது

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு அக்கா கவரை என்னிடம் கொடுத்தார்.

"அன்னைக்கு நான் கோயிலுக்குப் போயிருந்தேன் தம்பி. அவுகளாத் தூக்கிட்டு வந்துட்டாக. நான் வந்திருந்தா முன்னாடியே சொல்லியிருப்பேன்."

சாம்பிள் வெடிக்கும்போது அண்ணாச்சி எப்போதும் இடது தோளைக் காட்டித்தான் நிற்பாராம். அத்தனை வருட வெடியும் அந்தக் காதுக்கே போயிருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு, ஹெட்போனில் இடது பக்கம் குறைகிறது என்று அவர் சொல்ல, அக்கா அதை மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார். மெக்கானிக் பார்த்துவிட்டு ஹெட்போனில் ஒன்றும் இல்லை என்றாராம்.

"எனக்கு விளங்கிருச்சு. அடுப்படியில இருந்து கூப்புட்டாத் திரும்ப மாட்டாக. நான் என்மேல கோவம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அந்த மெக்கானிக்கிட்ட, நல்லா கேக்குற பக்கத்தக் கொஞ்சம் கொறச்சிருங்கன்னேன். மாத்தி மாட்டிரக் கூடாதுன்னு சிவப்பு நூல் தச்சேன். காதுதான் தம்பி அவுகளுக்குப் பெரும. அது போச்சுன்னு தெரிஞ்சா மனுசன் ஒடிஞ்சு போயிருவாக."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. அதே ரெசிஸ்டரை அதே இடத்தில் வைத்து ஒட்டினேன். அக்கா மஞ்சப்பையிலிருந்து ஊசியும் சிவப்பு நூலும் எடுத்தார். புது பேடில் எங்கே தைத்தால் காதில் உறுத்தாது என்று கேட்டார். வெளி ஓரத்தில் காட்டினேன். அவர் தைக்கும்வரை பேடைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி வந்து மாட்டினார். சற்று நேரத்தில் தலை ஆடியது.

"வந்துட்டாருலே நாயனக்காரரு!" என்றார். "மொதல்லயே இப்பிடிப் பண்ணியிருந்தா எங்கிட்ட வசவு வாங்கியிருப்பியா?"

5. தீபாவளி முடிந்து

தீபாவளி சீசன் முடிந்த வாரத்தில் அண்ணாச்சி தனியாக வந்தார். ஹெட்போனை எடுத்து, சிவப்பு நூல் இருக்கும் பேடு வலது காதில் வரும்படி என் கண் முன்னால் திருப்பி மாட்டிக் காட்டினார்.

"அன்னைக்கு எங்கையில இருந்து புடுங்குனியே. பொட்டுச் சத்தம் போட மாட்ட நீ, நீ புடுங்கணும்னா என்ன காரியம்னு யோசிச்சேன். வீட்டுல போயித் திருப்பி மாட்டுனேன். நேரா மாட்டுனா ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு. திருப்புனா இடது காதுல ஈ கூட பறக்கல. ஹெட்போனும் காதும் சரியா இருந்தா எப்பிடி மாட்டுனாலும் ஒண்ணுபோலத்தானலே கேக்கணும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பயப்படாத. காது டாக்டர்ட்டக் காமிச்சேன். போனது போனதுதான், வலதக் காப்பாத்துங்கன்னாரு. முதலாளிகிட்டச் சொல்லிட்டேன். இப்பப் பொட்டல்ல காதுக்கு அடைப்பான் மாட்டாம ஒரு பய நிக்கக் கூடாது. சத்தத்துக்கு மீட்டர் இருக்கு, அது பாத்துக்கிரும்."

"அக்காகிட்ட..."

"அவளுக்குத் தெரிய வேண்டாம். நான் ஒடிஞ்சு போவேன்னு நெனச்சுக் காப்பாத்திக்கிட்டு இருக்கா. பஸ்ஸுல எந்தப் பக்கம் ஏறுனாலும் எனக்கு வலது கையிலதான் வந்து உக்காருவா. எதுக்குன்னு இப்பத்தானே தெரியுது. அது அப்பிடியே இருக்கட்டும்."

பிறகு, வந்த காரியத்தைச் சொன்னார்.

"நாயனக்காரரு திரும்பவும் கொஞ்சம் தூரமாப் போயிட்டாரு. கிட்டக் கூப்புட முடியுமாலே?"

"அவரக் கூப்புட முடியாது அண்ணாச்சி. தவில்காரரக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லலாம்."

அண்ணாச்சி சிரித்தார். எனக்கு அவ்வளவு நீளமாகப் பேச வந்தது எனக்கே ஆச்சரியம். ரெசிஸ்டரைக் கழற்றி, அதைவிடப் பெரிய மதிப்பில் ஒவ்வொன்றாக வைத்து, அவர் போதும் என்று கையைத் தூக்கிய இடத்தில் ஒட்டினேன். "சிவப்பு நூலத் தொட்டுராத" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தார். "தம்பி, இப்ப முன்னவிட நல்லாக் கேக்குன்னு சொல்லுதாக. எதும் பண்ணுனீகளா?"

"இல்லக்கா. புது பேடு, செட் ஆக நாளாகும்" என்றேன்.

தம்பிகளுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். உள்ளே புதிதாக ஒரு பொருள் இருந்தால் கழற்றாதீர்கள். அதை வைக்கச் சொன்னது யார் என்று முதலில் கேளுங்கள். இப்போதெல்லாம் என் வேலைச் சீட்டில் ஓம் கணக்குக்கு மேலே ஒரு வரி விட்டிருக்கிறேன்: "யார் கேட்பதற்கு?" பட்டாசு வேலை நடக்கும் இந்தப் பக்கத்து ஆள் என்றால் இரண்டு காதும் ஒன்றுபோலக் கேட்கிறதா என்று, கூச்சத்தை விட்டு, வாய் திறந்து கேட்கிறேன்.

இதில் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆனாலும் அண்ணாச்சியிடம் அனுமதி கேட்டேன். "எழுதுலே. அவ மெக்கானிக் பொஸ்தகமாப் படிக்கப்போறா?" என்றார். அப்படிச் சொல்லியும், அக்கா கையில் இது கிடைத்துவிடுமோ என்று தயங்கியே ஒரு வருடத்தைக் கடத்திவிட்டேன். மலர் அச்சுக்குப் போகிறது, இன்றே வேண்டும் என்று செயலாளர் கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டு, இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன்.

விருதுநகர்,
தை மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை.