உப்புத் தண்ணீரில் நனைந்த சாக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கண்டிப் பக்கத்தில் விவசாயப் போதகராக இருந்தேன். வீடு கெலிஓயாவில். தோட்டம் தோட்டமாக நடந்து, அவரைக்கு எவ்வளவு இடைவெளி விடுவது, தக்காளிக்கு எப்போது கம்பு நடுவது என்று சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. ஒருநாள் மேலதிகாரி கூப்பிட்டார். கொழும்பு வானொலியில் கமக்காரருக்கென்று, அதாவது விவசாயிகளுக்கென்று, தமிழில் ஒரு பேச்சு வைக்கிறார்களாம். மரக்கறிச் செய்கை பற்றிப் பேச என்னைப் போகச் சொன்னார்.

இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினேன். மனைவிக்கு முன்னால் நின்று வாசித்துக் காட்டினேன். அவள் மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நல்லாத்தான் ஈக்கி. ஆனா மூச்சு உட்டு வாசிங்க. ரயிலுக்கு ஓடுற மாதிரி வாசிக்கிறீங்க."

அப்போது எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு வானொலிப் பெட்டிதான். அது என் மச்சானின், அதாவது மனைவி நானா என்று கூப்பிடும் அவளுடைய அண்ணனின், துணிக்கடையில் இருந்தது. லொறி பற்றரியில் ஓடும். பேச்சு நாளன்று மச்சான் கடை வாசலில் ஆட்கள் உட்கார வாங்குகள் போட்டு ஊரையே கூட்டிவிட்டார். பெண்களுக்குக் கடையின் பின்னறை. நடுவில் ஒரு திரை.

கொழும்பில் என்னை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். "பயப்படாதேங்கோ. ஒரு ஆளோட கதைக்கிற மாதிரிக் கதையுங்கோ" என்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் தொடங்கினேன். மனைவி எச்சரித்தபடியே ஓடியிருக்கிறேன். கடைசித் தாளை வைத்தபோது இன்னும் ஐந்து நிமிடம் மிச்சம். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, நிறுத்த வேண்டாம் என்று கையைச் சுழற்றினார்.

எதைப் பேசுவது? எங்கள் வீட்டுத் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. நத்தைத் தொல்லைக்கு நான் தூவிய சாம்பலெல்லாம் மழையில் கரைந்துபோனதையும், பிறகு என் வீட்டுக்காரி ஒரு வழி கண்டுபிடித்ததையும் சொன்னேன். மாலையில் பாத்தி ஓரத்தில் பப்பாசித் தோலைப் போட்டு, மேலே நனைந்த சாக்கை விரித்தால் நத்தையெல்லாம் அதன் கீழே வந்து கூடிவிடும். காலையில் சாக்கைத் தூக்கிப் பொறுக்க வேண்டியதுதான். பதற்றத்தில், "சாக்கை உப்புத் தண்ணீரில் நனைக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு கெலிஓயாவில் நடந்ததை மச்சான்தான் சொன்னார். திரைக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் சத்தம் கேட்டதாம்.

"ஐயோ, உப்புத் தண்ணியில்ல! வெறும் தண்ணி! உப்பு வாளிக்கு! பொறுக்குற நத்தையப் போடுற வாளிக்கு!"

பெட்டியோடு சண்டை பிடிப்பதாக நினைத்து எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். ஆனால் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்திருந்த ஒருவர் சிரிக்கவில்லை. திரைப்பக்கம் திரும்பி, "அம்மா, சாக்க எத்தன மணிக்குத் தூக்கணும்ங்க?" என்று கேட்டாராம்.

"சுபஹுத் தொழுகைக்குப் பொறகு. வெயில் வார முன்ன தூக்கிடுங்க."

அதோடு ஆளுக்கொரு கேள்வி. மச்சான் பெட்டியை நிறுத்தியதைக்கூட யாரும் கவனிக்கவில்லையாம்.

மறுநாள் நான் ரயிலால் இறங்கி, பாராட்டை எதிர்பார்த்து வீட்டுக்குப் போனேன். மனைவி வாசலிலேயே கேட்டாள்.

"இஞ்சாருங்க, உப்ப எங்க கொண்டு போய்ப் போட்டீங்க?"

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. பிறகு அவள் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். எங்கள் ஊர்ப் பாத்திகள் அவளால் தப்பின. நாவலப்பிட்டிக்காரர் ஒருவருடைய பாத்தி தப்பவில்லை. நத்தை சாக்குப் பக்கமே வரவில்லை, உப்புப் பட்டு அவரைச் செடியும் வாடிவிட்டது என்று அவர் வானொலிக்குக் கடிதம் எழுத, அது என்னிடம் வந்து சேர்ந்தது.

அடுத்த பேச்சுக்கு நான் எழுதிய முதல் வரியே மன்னிப்புத்தான். "போன முறை நான் பிழையாகச் சொன்னேன். சாக்குக்கு வெறும் தண்ணீர் போதும். திருத்தியவர் என் வீட்டுக்காரி" என்று நிதானமாக வாசித்தேன். விளக்கு அணைந்ததும் யாழ்ப்பாணத்துக்காரர் உள்ளே வந்தார்.

"அடுத்த முறை அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோவன்."

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். அவள் பயிற்றங்காய் முறித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் எதுக்கு அங்க? இங்க ஈந்தே திருத்தினேன் தானே."